கான்ட்ராக்டரின் இன்ஷூரன்ஸ் ஒழுகலை அடைக்குமா?

நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு பக்கம் சித்திரை பிறந்தால் மொட்டை மாடிகளில் வேலை தொடங்கிவிடும். பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் போடுவார்கள், விரிசல்களை அடைப்பார்கள், வாட்டர் ப்ரூஃப் பூச்சை இரண்டு கோட்டு அடிப்பார்கள். ரோடு உயர உயரப் பள்ளமாகிப்போன வாசலை மேடாக்குவதும் இந்த மாதங்களில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் பார்த்த சுற்றுவட்டாரம் இது. அடுத்த ஐப்பசிக்குள் வீட்டைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றம் இங்கே எல்லோருக்கும் உண்டு. அந்தப் பதற்றத்தில் இரண்டு லட்சம், நான்கு லட்சம் என்று பேசி முடிக்கும் நேரத்தில், கொஞ்சம் விவரமான கான்ட்ராக்டராக இருந்தால் ஒன்று சொல்வார்: "எங்ககிட்ட இன்ஷூரன்ஸ் இருக்கும்மா. நாளைக்கு ஏதாவது ஆனாகூட அதுல பார்த்துக்கலாம், பயப்படாதீங்க."

அதைக் கேட்டு நிம்மதியாக முழுப் பணத்தையும் கொடுத்தவர்கள் உண்டு. மழை வந்து, படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு படர்ந்து, போன் செய்தால் கான்ட்ராக்டர் எடுக்காத பிறகுதான் அந்த இன்ஷூரன்ஸ் நினைவுக்கு வரும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் உண்மையாகவே பாலிசி எடுத்திருந்தாலும், மோசமாகச் செய்த வேலையைப் பிரித்து மறுபடி செய்யும் செலவை அந்தப் பாலிசி தராது. அந்த வேலையால் வேறு ஏதாவது சேதமானாலோ, யாருக்காவது அடிபட்டாலோ தரக்கூடும். அதற்கும் பல நிபந்தனைகள். வீட்டுக்காரர் நம்பியிருக்க வேண்டிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

காப்பீட்டு நிறுவனங்கள் ஏன் இப்படி வகுத்திருக்கின்றன என்பது புரிந்தால் மற்றது எளிது. இதைத் தெளிவாக விளக்கிய வழக்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1979-ல் தீர்ப்பானது. ஒரு தம்பதி தங்கள் வீட்டு வராந்தாவுக்குக் கான்கிரீட் தளம் போடவும் வெளிச்சுவரைப் பூசவும் ஸ்டோன்-இ-பிரிக் என்ற நிறுவனத்தை அமர்த்தினார்கள். பூச்சு வெடித்து விரிசல் விட்டது. அதை எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதாயிற்று. செலவைக் கேட்டு அவர்கள் வழக்குப் போட, நிறுவனம் தன் பொறுப்புக் காப்பீட்டைக் கை காட்டியது. காப்பீட்டு கம்பெனி கைவிரித்தது. மாநில உச்ச நீதிமன்றம் காப்பீட்டு கம்பெனி சொன்னதே சரி என்றது. தீர்ப்பில் நீதிமன்றம் காட்டிய உதாரணம் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. பூச்சு உரிந்தால் அதைச் சரிசெய்து கொடுப்பது தொழில் செய்கிறவரின் சொந்தப் பொறுப்பு. அதே பூச்சு பெயர்ந்து விழுந்து கீழே நின்றவருக்கு அடிபட்டாலோ, தெருவில் போன வண்டி நசுங்கினாலோ, அது விபத்து. அங்கேதான் காப்பீட்டுக்கு வேலை.

காரணத்தை யோசித்தால் நியாயம் தெரியும். வேலையைச் சரியாகச் செய்வது கான்ட்ராக்டரின் கையில் இருக்கிறது. கலவையில் சிமெண்டைக் குறைத்து மிச்சம் பிடித்தவருக்கு, அந்தப் பூச்சு உதிரும்போது புதிதாகப் பூசவும் இன்ஷூரன்ஸ் பணம் வரும் என்றால் எந்தக் கொத்தனாரும் மட்டப்பலகையைக் கையில் எடுக்க மாட்டார். அந்தச் செலவெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறவர்களின் பிரீமியத்தில் ஏறும்.

அதே நியூ ஜெர்சி நீதிமன்றம் 2016-ல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கில் சற்று இளகியது. துணை ஒப்பந்தக்காரர்கள் சரியாகச் செய்யாத வேலையால் மழைநீர் உள்ளே புகுந்து மற்ற பகுதிகள் கெட்டுப்போயின. அப்படிக் கெட்டுப்போனது அந்தப் பாலிசியின்படி விபத்துச் சேதம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது, மோசமான வேலைக்கான விலக்கு துணை ஒப்பந்தக்காரர்களின் வேலைக்குப் பொருந்தாது என்று எழுதியிருந்த அமெரிக்கப் பாலிசி. வேலப்பன்சாவடி கான்ட்ராக்டரின் பாலிசியில் அந்த வரி இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நம் ஊர்ப் பாலிசி என்ன சொல்கிறது

இங்கே கட்டட ஒப்பந்தக்காரர்கள் எடுக்கும் முக்கியமான பாலிசிக்குக் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' என்று பெயர். பேச்சில் சி.ஏ.ஆர். பெயரில் 'ஆல்' இருப்பதைப் பார்த்து எல்லாமே அடங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி, நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு ஏற்படும் திடீர்ச் சேதம்: தீ, புயல், வெள்ளம், இடிந்து விழுதல், திருட்டு போன்றவை. இரண்டாம் பகுதி, அந்த வேலையால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயம், மரணம், சொத்துச் சேதம்.

விலக்குகள் என்ற தலைப்பில் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று தவறான வடிவமைப்பு. இன்னொன்று பழுதான பொருளையோ பழுதான வேலையையோ மாற்றி, திருத்தி, சரிசெய்யும் செலவு. இந்த இரண்டாவது விலக்கு நேரடியாகப் பழுதான பாகத்தோடு நின்றுவிடும். அதனால் விபத்து நேர்ந்து, சரியாகச் செய்யப்பட்டிருந்த வேறொரு பாகம் சேதமானால் அந்தச் சேதத்துக்குப் பணம் கேட்கலாம். நியூ ஜெர்சி நீதிமன்றம் பிரித்த அதே பிரிவுதான் இங்கேயும்.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். மாடியில் குளியலறைத் தரையை உடைத்து, வாட்டர் ப்ரூஃபிங் செய்து, புது டைல்ஸ் ஒட்டினார்கள். கழிவுநீர்க் குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்கவில்லை. கீழே வரவேற்பறையின் ஃபால்ஸ் சீலிங் ஊறி விழுந்தது. வயரிங்கில் தண்ணீர் இறங்கி டிவி போனது. பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரிலும் ஓதம் ஏறி, அவர்கள் வீட்டு மர அலமாரி கெட்டது. டைல்ஸை மறுபடி உடைத்துக் குழாய் ஓரத்தை அடைக்கும் செலவு கிடைக்காது. இதில் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு அலமாரி, மூன்றாம் நபர் சொத்து. அது திடீரென்று நடந்தது என்று காட்ட முடிந்தால் வழி உண்டு. மாதக்கணக்கில் மெல்லக் கசிந்தது என்று சர்வேயர் எழுதினால் வாக்குவாதம் தொடங்கும்.

உங்கள் சீலிங்கும் டிவியும்தான் சிக்கலான இடம். சி.ஏ.ஆர். பாலிசியில் வேலையைக் கொடுத்தவரின் சொத்தும், ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் இருக்கும் சொத்தும் பொதுவாக மூன்றாம் நபர் பகுதிக்கு வெளியே நிற்கும். வேலையைக் கொடுத்தவர் நீங்கள். ஆக, உங்கள் வீட்டிலேயே நீங்கள் மூன்றாம் நபர் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் கட்டடம் அடங்க வேண்டுமென்றால், 'சுற்றியுள்ள சொத்து' என்ற கூடுதல் பிரிவைத் தனிப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். புது இடத்தில் புது வீடு கட்டும்போது இது அவ்வளவு முக்கியமில்லை. ரிப்பேர் வேலையில் இதுதான் உயிர்நாடி. ஏனென்றால் அங்கே புது வேலையின் மதிப்பு மூன்று லட்சம், அதைச் சுற்றி நிற்கும் பழைய வீட்டின் மதிப்பு ஒரு கோடி. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலைக்கோ, தாங்கு சுவரை எடுத்துவிட்டு பீம் கொடுக்கும் வேலைக்கோ இந்தப் பிரிவு இல்லாமல் இறங்குவது பெரிய துணிச்சல். அதிர்வாலோ, தாங்கல் பலவீனமானதாலோ அடுத்த வீட்டுக்கு ஏற்படும் சேதமும் தனியாகச் சேர்க்க வேண்டிய இன்னொரு பிரிவு.

சிலர் சி.ஏ.ஆருக்குப் பதிலாகச் சாதாரணப் பொதுப் பொறுப்புப் பாலிசியைக் காட்டுவார்கள். அதிலும் தொழிலாளிக்கு ஏற்படும் காயம், ஒப்பந்தத்தில் தானாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பு, தன் பராமரிப்பில் உள்ள சொத்து ஆகியவை விலக்குகளாக இருக்கும். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைச் சொல்லி, "இது சட்டப்படி கட்டாயம் சார், எல்லாத்தையும் தரும்" என்று பேசுகிறவரும் உண்டு. அந்தச் சட்டம் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கானது. உங்கள் மொட்டை மாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் தாண்டிக் காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. நம் பகுதியில் ரிப்பேர் வேலை வெயில் காலத்தில் நடக்கிறது. சோதனை வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடக்கிறது. வேலையை ஒப்படைத்த நாளோடு பாலிசி முடிந்திருக்கும். பராமரிப்புக் காலத்துக்கும் நீட்டிக்கும் பிரிவு உண்டு. அதை எடுத்திருந்தால்கூட, அந்தக் காலத்தில் ஏற்படும் சேதத்துக்குத்தான் பணம், வேலையின் குறைக்கு இல்லை.

ஆகவே "இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று சொன்னால் பாலிசி நகலைக் கேளுங்கள். காப்பீடு பெற்றவர் என்ற இடத்தில் யார் பெயர், வேலை நடக்கும் முகவரியாக உங்கள் வீடு இருக்கிறதா, எந்தத் தேதி வரை, மூன்றாம் நபர் பகுதிக்கு எவ்வளவு வரம்பு, கையிலிருந்து போட வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். பாலிசி எண்ணை வைத்து அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமே விசாரியுங்கள். பெரிய வேலை என்றால் வேலையைக் கொடுத்தவர் என்ற முறையில் உங்கள் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் இருந்தால் கம்பெனியை நேரடியாகக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை வரும். இல்லாவிட்டால், "உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே" என்பது அவர்களின் முதல் பதில். கர்நாடகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்தபோது, அதில் விளைபொருளை வைத்திருந்த விவசாயிகளிடம் காப்பீட்டு நிறுவனம் அப்படித்தான் சொன்னது. 2020-ல் உச்ச நீதிமன்றம் கனரா வங்கி வழக்கில் அதை ஏற்காமல், பாலிசியால் பயன்பெறும் விவசாயிகளும் நுகர்வோரே என்றது. ஆனால் அது அவர்களின் சரக்கையும் மனதில் வைத்து எடுக்கப்பட்ட பாலிசி. உங்கள் பெயரே தெரியாமல் எடுத்த பாலிசிக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை வழக்காடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

வேலையாள் விழுந்தால்

வீட்டுக்காரர்கள் அதிகம் யோசிக்காத, ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. சாரத்திலிருந்து பெயின்டர் விழுந்தால் மேலே சொன்ன எந்தப் பாலிசியும் உதவாது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக வேண்டும். தொழில்வட்டாரத்தில் டபிள்யூ.சி. பாலிசி என்பார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்தவர்கள்.

இழப்பீட்டுக்கான சட்டம் 1923-ல் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. பொறுப்பு முதலில் வேலைக்கு வைத்த முதலாளியுடையது. கான்ட்ராக்டர் வைத்த ஆளுக்குக் கான்ட்ராக்டர் பொறுப்பு. ஆனால் செலவைக் குறைக்கலாம் என்று நீங்களே மேஸ்திரியைத் தவிர்த்துவிட்டு, தினமும் காலையில் இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள் என்று நாள் கூலிக்கு எடுத்தால், முதலாளி நீங்கள்தான் என்ற வாதம் எழும். பெரிய வேலையாக இருந்தால் டபிள்யூ.சி. பாலிசி நகல் கைக்கு வராமல் சாரம் கட்ட விடாதீர்கள். வேலைக்கு வருகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்பதும் அவர்களுக்கு நாம் செய்யும் ஒரு நல்லது.

உங்கள் சொந்த வீட்டுக் காப்பீடு பற்றியும் இரண்டு வார்த்தை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தருகின்றன. வெள்ளம், புயல், தீ, தண்ணீர்த் தொட்டி வெடித்து வழிதல் எல்லாம் அதில் உண்டு. கூவம் கரையோரப் பகுதிகளில் இருப்பவர்கள் இதை எடுப்பது நல்லது. ஆனால் அதுவும் மேஸ்திரியின் குறைக்குப் பணம் தராது. நிலம் அமிழ்ந்து வீடு சேதமானால் இழப்பீடு உண்டு என்று சொல்லும் அதே பிரிவு, மோசமான வேலைத்திறனாலோ கட்டட மாற்றங்களாலோ அமிழ்ந்தால் கிடையாது என்றும் சொல்கிறது. கூரையில் மெல்ல ஊறும் ஓதம் அந்தப் பாலிசி பட்டியலிட்ட ஆபத்துகளில் எதிலும் வராது.

பொங்கல் வரை பாக்கி

இவ்வளவு தூரம் பாலிசியைப் பற்றிப் பேசினேன். உண்மை நிலவரம் வேறு. மூன்று லட்ச ரூபாய் ரிப்பேருக்கு வரும் மேஸ்திரியிடம் எந்தப் பாலிசியும் இருக்காது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தன் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கவே அவர் உங்கள் அட்வான்ஸை நம்பியிருக்கிறார்.

வீட்டுக்காரரின் பாதுகாப்பு அவர் கொடுக்காமல் வைத்திருக்கும் பணத்தில்தான் இருக்கிறது. அரசு ஒப்பந்தங்களில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் விடுவிப்பது நெடுநாள் வழக்கம். பாலம் கட்டுகிறவரிடம் அரசே இப்படிப் பிடிக்கும்போது, நாம் மட்டும் டைல்ஸ் ஒட்டி முடித்த மாலையிலேயே கடைசி ரூபாய் வரை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். கேட்டால் "பாவம், கஷ்டப்பட்டவங்க" என்போம். அந்தக் கரிசனத்தைக் கூலியில் காட்டலாம். பிடித்தத் தொகையில் காட்டினால் ஐப்பசியில் வருந்த வேண்டியிருக்கும்.

ஒழுகல் சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் பத்து சதவீதம் பாக்கி வைத்து, அதைப் பொங்கலுக்குத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள் என்பது என் யோசனை. பொங்கலுக்குள் வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி பெய்து ஓய்ந்திருக்கும். மாடி ஒழுகுகிறதா என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்ல வேலைக்காரர் இதற்குச் சம்மதிப்பார். ரேட்டைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் கொடுக்கலாம், அதுதான் மலிவான பிரீமியம். "அதெல்லாம் நம்ம ஏரியால வழக்கமில்ல சார்" என்று எழுந்து போகிறவர், மழைக்குப் பிறகு போனை எடுக்கப் போகிறவரும் இல்லை.

மழைக்குக் காத்திராமல் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. வாட்டர் ப்ரூஃபிங் முடிந்து, அதன் மேல் டைல்ஸோ தட்டோடோ போடும் முன், மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, ஓரத்தில் வரப்புக் கட்டி, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது. கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று இரு தரப்பும் சேர்ந்து பார்த்து, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளலாம். குளியலறைக்கும் இதே முறைதான். இந்தச் சோதனை முடிந்த பிறகே அடுத்த தவணை என்று எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருந்தால் போதும். என்ன வேலை, எத்தனை சதுரடி, எந்தப் பிராண்ட் பொருள், எத்தனை கோட்டு, லேபர் மட்டுமா பொருளோடா, தவணைகள் எப்போது, குறை வந்தால் எத்தனை நாளில் வந்து பார்க்க வேண்டும், வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து அந்தச் செலவைப் பாக்கியில் கழித்துக்கொள்ளும் உரிமை. அவருடைய ஆதார் நகல், வீட்டு முகவரி, இருந்தால் ஜி.எஸ்.டி. எண். பணத்தைக் கணக்கு வழியே கொடுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்க "பில் வேண்டாம், கேஷா குடுத்துடுங்க" என்ற யோசனைக்கு இரு தரப்பும் சுலபமாகத் தலையாட்டுவதைப் பார்க்கிறோம். நாளைக்கு அந்த வேலை நடந்ததையே நிரூபிக்க முடியாமல் நிற்பது வீட்டுக்காரர்தான்.

பொருள் தயாரிக்கும் கம்பெனி ஏழு வருடம், பத்து வருடம் என்று தரும் வாரன்டியையும் படித்துப் பாருங்கள். அது பொருளுக்கு மட்டுமா, அடிக்கும் கூலிக்கும் சேர்த்தா? குறை வந்தால் கம்பெனி, அடித்தவரின் தவறு என்று சொல்லும். அடித்தவர், மருந்தே சரியில்லை என்பார். அப்படி நேர்ந்தால் புகாரில் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

வேலை கெட்டுவிட்டது, இனி?

முதலில் எதையும் உடைக்காதீர்கள். கோபத்தில் அடுத்த நாளே வேறு ஆளை அழைத்து எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டால், பழைய வேலை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகும். ஒழுகும் இடத்தைத் தேதியோடு வீடியோ எடுங்கள். கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, வந்து சரிசெய்யச் சொல்லுங்கள். வராவிட்டால், தகுதி பெற்ற சிவில் இன்ஜினீயர் ஒருவரை அழைத்து எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்குங்கள். பூச்சில் கலவை விகிதம், கம்பியில் துரு, சரிவு எந்தப் பக்கம் என்று அவர் அளந்து எழுதும் நான்கு பக்கம், உங்கள் நாற்பது பக்கக் குமுறலைவிட எடை கூடியது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அரசுக் குடியிருப்பில் கைபட்டாலே பூச்சு உதிர்ந்த காட்சிகள் வெளிவந்தபோதும், அரசு முதலில் செய்தது ஐ.ஐ.டி. மெட்ராஸ் நிபுணர் குழுவை அனுப்பி ஆய்வு செய்ததுதான்.

போலீஸ் நிலையத்துக்குப் போனால் புகாரைப் பெற்றதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், "இது சிவில் மேட்டர்" என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி வழக்கு நிற்கும். கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக நடந்துகொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவு இருக்கிறது. அது ஆபத்துக்கு, ஒழுகலுக்கு இல்லை.

ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டத்தின் பக்கம் போகலாமா என்று கேட்பவர்கள் நிறைய. பில்டரிடம் வாங்கிய ஃபிளாட்டில் ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை வந்தால் அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உங்களுக்கானது. பில்டர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். ஆனால் சொந்த வீட்டில் நீங்கள் செய்த ரிப்பேர் அந்தச் சட்டத்துக்குள் வராது.

உங்கள் இடம் நுகர்வோர் ஆணையம். 1993-ல் லக்னோ வளர்ச்சிக் குழுமம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று தெளிவாக்கியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்ற வரையறையிலேயே சேர்த்திருக்கிறது. பேசிய கூலிக்கு வேலையை எடுத்துச் செய்யும் லேபர் கான்ட்ராக்டும் சேவைதான். நாள் கூலிக்கு நீங்களே ஆள் வைத்து, நின்று வேலை வாங்கியிருந்தால் மட்டும் வழக்கு பலவீனப்படும், ஏனென்றால் எஜமானுக்கும் பணியாளுக்கும் இடையிலான சேவையைச் சட்டம் வெளியே வைத்திருக்கிறது.

நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இங்கே ஒரு சின்னக் குழப்பம் நேர்கிறது. அம்பத்தூரும் மதுரவாயலும் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. பூந்தமல்லி வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. நூம்பல்காரர்கள் தபால் முகவரியில் சென்னை 600077 என்று எழுதிப் பழகியதால் சென்னை ஆணையத்துக்குப் போய்த் திரும்புவதைவிட, பட்டாவில் எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம். திருவள்ளூர் வரை அலையாமல், 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும் முடியும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் வழி சொல்வார்கள், சில புகார்கள் அங்கேயே பேசித் தீர்வதும் உண்டு. பெண்கள், பட்டியலினத்தவர், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

புகாரில் நான்கு தொகைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: மறுபடி செய்ய ஆகும் செலவு, வீட்டில் கெட்ட பொருட்களுக்கு, மன உளைச்சலுக்கு, வழக்குச் செலவுக்கு. காப்பீடு கைவிட்ட அந்த முதல் தொகை இங்கே கிடைக்கும், ஆனால் அது கான்ட்ராக்டரின் கையிலிருந்து வர வேண்டும். கான்ட்ராக்டரிடம் மூன்றாம் நபர் பாலிசி இருந்து, பக்கத்து வீட்டுக்கும் சேதம் என்றால், புகாரோடு அவர் தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுக்கிறாரா என்று பாருங்கள். தாமதமான தகவல் அவர்களுக்குக் கிடைக்கும் வசதியான காரணம்.

பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு வந்தும் அவர் பணம் கட்டாவிட்டால், சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றக் கேட்கலாம். 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும். அதற்கு நோட்டீஸ் போய்ச் சேர ஒரு முகவரி வேண்டும். ஆதார் நகல் வாங்காமல் "நம்ம ஏரியா ஆளுதானே" என்று வேலை கொடுத்தவர்களின் வழக்குகள் அந்தக் கட்டத்தில், சம்மன் திரும்பி வந்து, மாதக்கணக்கில் தள்ளிப்போகின்றன.